சாப்பாட்டு மேசையில் ஓடிய கார்

திங்கள், புதன், வெள்ளி. இந்த மூன்று நாளும் காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுக் கார் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில் நின்றாக வேண்டும். அம்மாவுக்கு ஒரு முறை சிகிச்சை முடிய நான்கு மணி நேரம் ஆகும். பந்திங்கிலிருந்து அழைத்துப் போவதும் காத்திருந்து கூட்டி வருவதும் அப்பாவின் வேலை. கார், 1990-களில் அவர் தவணை கட்டி வாங்கியது.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கார் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திடீரென்று இன்ஜின் அணைந்துவிடும். முன்மூடியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். மூன்றாவது முறை நின்றது சிகிச்சை முடிந்து திரும்பும்போது. களைத்துப்போயிருந்த அம்மா, நண்பகல் வெயிலில் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

மெக்கானிக் இக்னிஷன் காயிலை மாற்றினார். டிஸ்டிரிபியூட்டரை மாற்றினார். ரிலேயை மாற்றினார். 900 வெள்ளி போனது, கோளாறு போகவில்லை. கடைசியில், "கம்ப்யூட்டராத்தான் இருக்கும். ஹாஃப் கட் கடையில பழசு ஒன்னு 650 வெள்ளிக்குக் கிடைக்கும். ஆனா அது எவ்வளவு நாள் ஓடும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சூடானால் மட்டும் வரும் கோளாறு, பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் மறைந்துவிடுகிறது. அந்தக் காலத்துக் காரில் ஸ்கேனரைச் செருகி விவரம் பார்க்கவும் வழியில்லை.

"இன்னொரு பழசை வாங்குறதுக்கு முன்னாடி, இந்தப் பழசையே கழற்றி சோதிச்சுப் பார்க்கலாமே மாமா?" என்று கேட்டான் அக்கா மகன். போலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறான்.

"காரே இல்லாம கார் கம்ப்யூட்டரை எப்படிடா சோதிப்ப?" என்றார் அப்பா.

எனக்கும் அதே சந்தேகம்தான்.

பெட்டியை ஏமாற்றும் கலை

இன்ஜின் கம்ப்யூட்டர் என்பது ஓர் அலுமினியப் பெட்டி. எரிபொருளையும் தீப்பொறியையும் சேர்த்து ஒரே கணினியில் கட்டுப்படுத்தும் முறையை, 1979-இல் பாஷ் நிறுவனம் 'மோட்ரானிக்' என்ற பெயரில் பிஎம்டபிள்யூ கார் ஒன்றில் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்தப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்தப் பெட்டிக்கு இன்ஜினையோ சாலையையோ தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கம்பிகளில் வரும் மின்னழுத்தம் மட்டுமே. ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எளிதில் புரிந்தது. வெளியே மழையா வெயிலா என்று எனக்கும் தெரியாது. எதிரில் இருக்கும் மீட்டர் காட்டுவதை நம்பித்தான் பேசுகிறேன். மீட்டருக்குப் பொய்யான சிக்னல் கொடுத்தால் அதையும் நம்புவேன்.

மருமகன் செய்தது அதைத்தான். இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் உண்மையில் ஒரு மின்தடைதான். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை 2,000 ஓமுக்கு மேல் இருக்கும். 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓமுக்கு இறங்கிவிடும். அதற்குப் பதிலாக ரேடியோவின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் போன்ற ஒன்றைப் பொருத்தினான். எக்சலேட்டரை மிதிப்பதைச் சொல்ல இன்னொரு குமிழ். எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பதிலாக நான்கு சிறிய எல்இடி விளக்குகள், ஒவ்வொன்றோடும் ஒரு மின்தடை.

மிச்சமிருந்தது இன்ஜின் சுற்றுகிறது என்று நம்பவைக்கும் வேலை. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தீப்பொறி கேட்கும். நிமிடத்துக்கு 900 சுற்று என்றால், வினாடிக்கு 15 சுற்று, 30 துடிப்பு. கைக்கு அடக்கமான ஆர்டுயினோ பலகை ஒன்று, டிரான்சிஸ்டர் வழியாக அந்தத் துடிப்பைக் கொடுத்தது. எந்தச் சிலிண்டரின் முறை என்று சொல்லும் இரண்டாவது சிக்னலும் அதிலிருந்தே வந்தது. கம்பி வரைபடம் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. அப்படியும் ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரால் இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் 12 வோல்ட் கொடுத்தான்.

எல்இடிகள் துடிக்க ஆரம்பித்தன. சூட்டுக் குமிழைத் திருப்பி 'இன்ஜின் குளிர்ந்துவிட்டது' என்று சொன்னபோது, அவை இன்னும் பிரகாசமாக எரிந்தன. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் எண்ணெய் வேண்டும் என்று பெட்டி முடிவு செய்துவிட்டது! கார் வாசலில் நிற்கிறது; அதன் மூளை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஹேர் டிரையரும் சாத்தே குச்சியும்

ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு கோளாறும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா. அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பெட்டி சரியாக இருந்தால், கோளாறு எங்கே என்று மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும்.

மருமகன் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. "தாத்தா, வெயில்ல நிக்கிற காருக்குள்ள காற்றாடி இல்லையே!"

காற்றாடியை நிறுத்திவிட்டு, அக்காவின் ஹேர் டிரையரை எடுத்து வந்தான். பெட்டியின் மூடியைக் கழற்றி, சற்றுத் தள்ளி வைத்துச் சூடேற்றினான். நான்காவது நிமிடம் நான்கு விளக்கும் ஒன்றாக அணைந்தன. ஆறவிட்டால் திரும்பி வந்தன. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே நடந்தது. சாலையில் அம்மாவைத் தவிக்கவிட்ட அதே கோளாறு, எங்கள் கண்ணெதிரே வந்து போனது.

பிறகு ஒரு சாத்தே குச்சியால் பலகையில் இருந்த பாகங்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினான். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக்கொடுக்கும் ரெகுலேட்டரின் காலைத் தொட்டபோது விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தோம். ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். பக்கத்தில் இருந்த மூன்று மின்தேக்கிகளின் அடியில் கசிவு. சூடு காட்டியதும் மீன் வாடை. முப்பது ஆண்டுப் பழைய மின்தேக்கிகளுக்கு இது வரக்கூடிய வியாதிதான். கசியும் திரவம் செம்புத் தடத்தையும் அரித்துவிடும். எங்கள் நல்ல நேரம், தடம் தப்பியிருந்தது.

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில், 105 டிகிரி வரை தாங்கும் மின்தேக்கிகள் மூன்றும் சேர்த்து 10 வெள்ளிக்குள் கிடைத்தன. பழையதைக் கழற்றி, கசிவை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரிசல் விட்ட இடத்தில் புதிதாக ஈயம் பற்றவைத்தான். அதற்குப் பிறகு ஹேர் டிரையர்தான் சூடு தாங்காமல் நின்றது, விளக்குகள் நிற்கவில்லை.

செய்து பார்க்க ஆசையா?

அடிப்படை மின்னணுவியல் தெரிந்த இளையருக்கு இது நல்ல பயிற்சி. ஆர்டுயினோவில் துடிப்பை உருவாக்க 'ஆர்டு-ஸ்டிம்' என்ற திறந்த மூல நிரலும், இன்ஜின் கம்ப்யூட்டரையே சொந்தமாகக் கட்டிப் பார்க்க 'ஸ்பீடுயினோ' திட்டமும் இருக்கின்றன. ஆனால் சில எச்சரிக்கைகள்:

• மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையைப் பயன்படுத்துங்கள். நாங்கள் 1 ஆம்பியரில் வைத்தோம். கார் பேட்டரியை நேராக இணைத்தால், ஒரு கம்பி தவறினாலும் பெட்டி கருகிவிடும்.

• இக்னிஷன் காயிலை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். அதிலிருந்து வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். தீப்பொறிக்கான சிக்னலைப் பார்க்கவும் எல்இடியே போதும்.

• ஏர்பேக் பெட்டியையும் அதன் கம்பிகளையும் தொடவே கூடாது.

• புதிய கார்களில் இம்மொபிலைசர் இருக்கும். சாவியை அடையாளம் காணாமல் பெட்டி எண்ணெய் விடாது. அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். கேன் தொடர்பு உள்ள பெட்டிகளில், அந்த இணைப்பின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும்.

• மேசையில் ஓடிவிட்டது என்பதற்காக உடனே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

இந்தக் கடைசி விதியை எங்களுக்குச் சொன்னவர் அப்பா. பெட்டியைக் காரில் பொருத்தியதும் அம்மாவை ஏற்றிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க, உச்சி வெயிலில், தனியாகக் கிள்ளானுக்குப் போய் வந்தார். அந்த வாரம் அம்மாவை நான் அழைத்துப் போனேன். அடுத்த திங்கட்கிழமை காலை, "வா, போகலாம்" என்று அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

நடந்ததைக் கேட்ட மெக்கானிக், மருமகனைப் பட்டறைக்கு வரச் சொன்னார். எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பழைய பெட்டிகளை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒன்று பிழைத்துக்கொண்டது. இன்னொன்று உள்ளே கருகிப்போயிருந்தது. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சாப்பாட்டு மேசையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அம்மா. இன்னும் கொடுத்தபாடில்லை.