கெட்டது கம்பெனி பெயர்! சிப்பந்திகளின் கதி என்ன?

"இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள்?"

உத்தியோகம் தேடிப் போகிறவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. ஆனால் 2009-ம் ஆண்டு தொடக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பல கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் கூச்சப்பட்டார்கள். அவர்கள் சொல்ல வேண்டிய பதில்: "சத்யம்!"

ஐதராபாத்தில் இருந்த சத்யம் கம்பெனி, அப்போது நாட்டின் மிகப் பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளில் ஒன்று. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. சுமார் 53 ஆயிரம் சிப்பந்திகள் என்று கணக்குச் சொன்னார்கள். "பையன் சத்யத்தில் இருக்கிறான்" என்றாலே பெண் வீட்டாருக்குப் பரம திருப்தி!

புலிச் சவாரி

2009 ஜனவரி 7-ந் தேதி கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் கிடையாது என்று அவரே ஒப்புக் கொண்டார். புலி மேல் ஏறிவிட்டு, இறங்க வழி தெரியாமல் தவித்ததாகவும் எழுதியிருந்தார்.

புலி மேல் ஏறியவர் அவர். கீழே விழுந்தவர்களோ சிப்பந்திகள்!

கணக்கைத் திருத்தியவர்கள் ஒரு சிலர்தான். ராப்பகலாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த வாலிபனுக்கு அது எப்படித் தெரியும்? அப்போது உலகம் முழுவதும் தொழில் மந்தம் வேறு. வேலை காலி இருந்த இடங்களும் குறைவு. ஏப்ரல் மாதத்தில் டெக் மகிந்திரா கம்பெனி சத்யத்தை வாங்கியது. ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கிடையாது. ஆறு மாதம் வரை அடிப்படைச் சம்பளம் மட்டும் உண்டு.

ஊழல் நடந்த கம்பெனியின் வாடை எவ்வளவு தூரம் துரத்தும்? ஹார்வர்டு வணிகக் கல்லூரிப் பேராசிரியர்கள் 2016-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட கம்பெனியில் இருந்து வந்த பெரிய அதிகாரிகளுக்கு, மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 சதவீதம் சம்பளம் குறைவாம். குற்றத்தில் சம்பந்தமே இல்லாதவர்களுக்கும், அது வெளிப்படும் முன்பே விலகியவர்களுக்கும்கூட இதே கதிதான்!

என்னைக் கேட்டால், இதில் பாதி பயம்; பாதி பேரம். "உங்களை வேறு யார் எடுப்பார்கள்?" என்று சம்பளத்தைக் குறைக்க ஒரு சாக்கு!

தட்டிக் கேட்ட பெண்

அமெரிக்காவில் தெரனோஸ் என்ற கம்பெனி, சில துளி ரத்தத்தில் பல சோதனைகள் செய்வதாகச் சொல்லிக் கொண்டது. கல்லூரி முடித்த கையோடு அங்கே சோதனைச் சாலையில் சேர்ந்தார், எரிக்கா சியுங் என்ற பெண். முடிவுகள் தப்பாக வருவதைக் கண்டு மேலதிகாரிகளிடம் சொன்னார். பலன் இல்லை. 2014-ல் வேலையை விட்டார். பிறகு கம்பெனி வக்கீல்கள் மிரட்டல் கடிதம் அனுப்பினார்கள். அவர் பின்வாங்கவில்லை, 2015-ல் அரசாங்கத்துக்கே புகார் எழுதினார். 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. தலைவி எலிசபெத் ஹோம்சுக்கு 2022-ல் 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை. எரிக்கா சியுங்கோ, புதிதாகத் தொழில் தொடங்குவோர் நேர்மையாக நடக்க உதவும் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆனார்.

எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வருமா? குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது. விலக முடியாதவரைக் குறை சொல்வதற்கில்லை.

மறைக்கலாமா?

கம்பெனி பெயரையே மனுவில் எழுதாமல் விட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அந்த வித்தை இப்போது பலிக்காது. 2014-ல் இருந்து வருங்கால வைப்பு நிதிக்கு ஆளுக்கு ஒரே எண். எங்கே, எத்தனை மாதம் இருந்தீர்கள் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். அதைவிட, "அங்கே என் வேலை இன்னது, கணக்குப் பகுதி வேறு" என்று கேட்பதற்கு முன்பே இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பழைய முதலாளியைத் திட்டிக் கொண்டே இருந்தால், எதிரே இருப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

இன்னொன்று. கம்பெனி பற்றிக் கெட்ட செய்தி பத்திரிகையில் வந்த அன்றே, சம்பளச் சீட்டுகளையும் நியமன உத்தரவையும் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் நேர் மேலதிகாரியிடம் ஒரு நற்சான்றும் வாங்கிக் கொள்ளுங்கள். கதவைப் பூட்டிய பிறகு கையெழுத்துப் போட அங்கே யார் இருப்பார்கள்?