கார்டில் அழிந்த கொக்குகளை மீட்கலாம்

கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது புதியவர்கள் செய்யும் தவறை, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நானே செய்தேன். விடுமுறைக்குச் சிலமலை போயிருந்தேன். வற்றத் தொடங்கிய கண்மாய்ச் சேற்றில் கொக்கு, மடையான், நெடுங்கால் உள்ளான் என்று ஒரே கூட்டம். கரையில் தாத்தா உட்கார்ந்திருக்க, பின்னால் கொக்குகள் எழும்பும் படம் ஒன்றும் கிடைத்தது. கேமரா முன்னால் அவர் லேசில் உட்காருகிறவர் அல்ல.

வீட்டில் படங்களைக் காப்பி செய்தேன். கார்டை ஃபார்மட் செய்தேன். தோட்டத்துச் செம்பருத்திக்கு வந்த தேன்சிட்டையும் நாலு கிளிக் எடுத்தேன். அப்புறம் கம்ப்யூட்டரில் போல்டரைத் திறந்தால் கண்மாய்ப் படம் ஒன்றுகூட இல்லை. விஷயம் இதுதான்: கார்டில் டிசிஐஎம் என்ற போல்டருக்குள் 100, 101 என்று எண்ணிட்ட போல்டர்கள் இருக்கும். நான் காப்பி செய்தது 100-ஐ மட்டும். புதிய படங்கள் 101-ல் இருந்தன.

பதறாதீர்கள். கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் செய்யும்போது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழிகிறது. படத்தின் பைட்டுகள், வேறொன்று அவற்றின் மேல் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். ஆகவே முதல் வேலை, கார்டை வெளியே எடுத்துவிடுவது. தேன்சிட்டுப் படங்கள் நல்ல வேளையாக 100-ல் இருந்த பழைய படங்களின் மேல் விழுந்திருந்தன.

டெஸ்ட்டிஸ்க் தொகுப்போடு வரும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இயக்குங்கள். ஜேபெக் படம் எதுவானாலும் அதன் தொடக்கத்தில் ஒரே மாதிரி அடையாள பைட்டுகள் இருக்கும். அவற்றைத் தேடித்தான் இது படங்களை எடுக்கிறது. மீட்டவற்றைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரைக் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டினால் இருப்பதும் போகும். பழைய ஃபைல் பெயர்கள் திரும்பாது. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்தலாம். இதெல்லாம் மெமரி கார்டுக்குத்தான். மொபைலின் உள் நினைவகத்தில் அழித்ததை இப்படி மீட்க முடியாது.

தாத்தா படம் கிடைத்தது. ஆனால் கொக்குகளின் முதுகில் ஓர் இறகுகூடத் தெரியவில்லை. கரும்சேற்றைப் பார்த்த கேமரா, இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் எண். எல்லாம் 255-ஐத் தொட்டுவிட்டால் எந்த மென்பொருளாலும் இறகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வைத்திருக்க வேண்டும். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரைக்குப் பூநாரை எடுக்கப் போகிறவர்களுக்கு இது தலைகீழ். கண் கூசும் நீர்ப்பரப்பு பின்னால் இருந்தால் பறவை கறுத்துவிடும்; அங்கே பிளஸ் பக்கம் நகர்த்துங்கள்.