எல்மினா தோட்டத்தில் இறங்கிய மேகம்

2024 மே மாதம் கூகுள் நிறுவனம் ஒரு செய்தி சொன்னது. மலேசியாவில் 200 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்து, இங்கே தன் முதல் தரவு மையத்தைக் கட்டப் போகிறதாம். இடம், சுங்கை பூலோ பக்கம் இருக்கும் எல்மினா. தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அது ஒரு தோட்டத்தின் பெயர் என்பார்கள். நம் ஆட்கள் வேலை செய்த மண்ணில்தான் இப்போது ‘கிளவுட்’ இறங்குகிறது.

கிளவுட் என்பது வேறொன்றுமில்லை, வேறு யாரோ பராமரிக்கும் பெரிய கட்டடத்துக்குள் ஓடும் கணினிகள். இணையம் வழியாக அதில் ஒரு பங்கை நமக்குத் தருகிறார்கள். உங்கள் வீட்டு மடிக்கணினி பழசாக இருக்கலாம், கைப்பேசி மட்டுமே இருக்கலாம். பரவாயில்லை, யோசிப்பது அங்கே, பார்ப்பது மட்டும் இங்கே. நாம் போடப்போகும் கணக்கில் போய் வருவது நாலைந்து வரி எழுத்துதான் என்பதால், தோட்டத்துப் பக்கம் லைன் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

கிளவுட்டில் நிரல் எழுதிப் பார்க்கத் தொடங்க ‘கூகுள் கோலேப்’ நல்ல இடம். காசு வேண்டாம், கூகுள் கணக்கு ஒன்று போதும். பள்ளியில் கொடுத்த டெலிமா கணக்கில் திறக்காவிட்டால் அம்மா அப்பாவிடம் கேட்டு, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது திறங்கள். ‘நியூ நோட்புக்’ என்பதை அழுத்தினால் வெற்றுக் கட்டம் ஒன்று வரும். அதில் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும்.

செம்பனைக் கணக்கையே போடுவோம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானதே நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில்தானே! மூன்று குலைகளின் எடை 18, 22, 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குலை = 18 + 22 + 15
குலை

ஆமாம், தமிழிலேயே எழுதலாம். பெயர்களைத் தமிழில் வைத்தால் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். (கைப்பேசியில் தமிழ் தட்ட, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இருக்கிறது.) கட்டத்தின் இடப்பக்கத்தில் உள்ள முக்கோணத்தை அழுத்துங்கள். முதல் தடவை சில விநாடி காக்க வைக்கும். உங்களுக்காக எங்கோ ஒரு கணினியை ஒதுக்குகிறது. பிறகு கீழே 55 என்று வரும்.

இப்போது சாப்பிடப் போய், விளையாடி, நெடுநேரம் கழித்து வருகிறீர்கள். கீழே இரண்டாவது கட்டம் ஒன்றைத் திறந்து, சராசரி காண ‘குலை / 3’ என்று எழுதி ஓட்டினால், சிவப்பில் ‘நேம் எரர்’ வருகிறது. குலையா, அது யார் என்று கேட்கிறது! நீங்கள் தொடாமல் விட்டதால் கணினியைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். எழுதிய வரிகள் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் குலை என்றால் 55 என்பது கணினியின் நினைவகத்தில் இருந்தது. அது கரும்பலகை மாதிரி, அடுத்த வகுப்புக்குத் துடைத்துவிடுவார்கள். புதிதாகத் தொடங்குகிற பலரும் தடுமாறும் இடம் இதுதான். மெனுவில் ‘ரன் ஆல்’ என்பதை அழுத்தினால், முதல் கட்டத்திலிருந்து எல்லாம் வரிசையாக மறுபடி ஓடும்.

ஓடி முடிந்ததும் சராசரி வரும்: 18.333333333333332.

கடைசியில் அந்த 2 எப்படி வந்தது? கையால் வகுத்தால் 3 மட்டும்தானே முடிவில்லாமல் வரும்? கணினி எண்களை 0, 1 இரண்டால் மட்டுமே எழுதுகிறது. அப்படி எழுதினாலும் இந்த எண் முடியாது. அதனால் 53 இலக்கங்களை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுகிறது. வெட்டியதை நம் எண்களுக்கு மாற்றும்போது வால் 2 ஆகிவிடுகிறது. எல்மினாவில் ஓட்டினாலும் அமெரிக்காவில் ஓட்டினாலும் பைத்தான் அதே 2-ஐத்தான் காட்டும்.