அதிகாலை பைக் பயணம்: குளிரில் முதலில் மரத்துப்போவது விரல்கள்தான்!

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கேரட் அறுவடை விடியும் முன்பே தொடங்கிவிடும். பிடுங்கிய கேரட்டைக் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியில் ஏற்றியாக வேண்டும். உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு வேறு கவலை. இலையில் படிந்த உறைபனியை, வெயில் ஏறுவதற்குள் தெளிப்பு நீர் விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் செடி கருகிவிடும். பால் ஊற்றப் போகிறவர்களுக்கும் அதே நேரம்தான். எல்லோருக்கும் இருக்கும் ஒரே வாகனம் பைக்.

வீட்டு வாசலில் வெப்பமானி 5 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. பழகிய குளிர்தானே என்று ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார் ஒரு விவசாயி. கால் மணி நேரத்தில், கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைப் பிடிக்கும்போது விரல் மடங்க மறுக்கிறது. வெப்பமானி பொய் சொல்லவில்லை. ஆனால், அது வாசலில் அசையாமல் தொங்குகிறது. பைக்கில் போகிறவரோ காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார்.

5 டிகிரி எப்படி மைனஸ் ஆகிறது?

நம் உடம்பைச் சுற்றி, உடல் சூட்டில் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். அதுதான் இயற்கையான போர்வை. காற்று வீசினால் அந்தப் படலம் அடித்துச் செல்லப்படும். உடம்பு மறுபடி சூடாக்கும். காற்று மறுபடி பறிக்கும். மின்விசிறிக்கு அடியில் வைத்த சோறு சீக்கிரம் ஆறுவதும் இப்படித்தான். இதைத்தான் 'காற்றுக்குளிர்' என்கிறார்கள்.

இதை முதலில் அளந்தவர்கள் பால் சிப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அண்டார்டிகாவில் காற்றின் வேகத்துக்கு ஏற்ப, குடுவையில் உள்ள தண்ணீர் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். அவர்களுடைய ஆய்வு 1945-ல் வெளியானது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி, புதிய கணக்கைக் கொண்டுவந்தன. அதன்படி உடம்பு உணரும் குளிர் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

* 10 டிகிரியில்: 20 கி.மீ வேகத்தில் 7, 40 கி.மீ-ல் 6, 60 கி.மீ-ல் 5 டிகிரி.
* 5 டிகிரியில்: 20 கி.மீ வேகத்தில் 1, 40 கி.மீ-ல் மைனஸ் 1, 60 கி.மீ-ல் மைனஸ் 2 டிகிரி.
* 0 டிகிரியில்: 20 கி.மீ வேகத்தில் மைனஸ் 5, 40 கி.மீ-ல் மைனஸ் 7, 60 கி.மீ-ல் மைனஸ் 9 டிகிரி.

10 மீட்டர் உயரத்தில் அளக்கும் காற்று வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. பைக்கில் போகிறவரின் முகத்திலும் கையிலும் காற்று முழு வேகத்தில் மோதுவதால், குளிர் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெரிய இழப்பு முதல் 20 கி.மீ வேகத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே, மெதுவாகப் போனால் மட்டும் குளிர் விட்டுவிடாது. காற்றைத் தடுத்தால்தான் விடும்.

இன்னொன்று, உறைபனி விழுவதே மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில்தான். அதனால் வாசலில் நின்று பார்த்தால் 'காற்றே இல்லையே' என்றுதான் தோன்றும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டிலிருந்து பள்ளத்து வயலுக்கு இறங்கும்போது குளிர் கூடுவதற்கு அதுதான் காரணம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

குளிர் தாக்கியதும் உடம்பு இதயம், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் முதலில் மரத்துப்போவது விரல்கள். முன் பிரேக்கும் கிளட்சும் அந்த விரல்களிடம்தான் இருக்கின்றன. 40 கி.மீ வேகத்தில் பைக் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். பிரேக் பிடிக்க ஒரு விநாடி தாமதமானால், 11 மீட்டர் தள்ளித்தான் வண்டி நிற்கும்.

ஈர உடை இன்னும் மோசம். கேரட் தழையிலும் தெளிப்பு நீரிலும் நனைந்த சட்டையோடு திரும்பி வந்தால், உடல் சூடு பல மடங்கு வேகமாக வெளியேறும்.

என்ன செய்யலாம்?

* ஸ்வெட்டர் சூட்டைப் பிடித்து வைக்கும். ஆனால், காற்றை உள்ளே விட்டுவிடும். அதன் மேல் ரெயின்கோட் போட்டால் காற்று நுழையாது. அவசரத்துக்கு, நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள் நாலைந்து செய்தித்தாள்களை மடித்து வைத்தாலும் பலன் உண்டு.
* கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். பிரேக்கைத் தடையில்லாமல் பிடிக்க முடிகிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். துண்டின் நுனி தொங்கக் கூடாது.
* மாற்றுச் சட்டை ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டியில் வைத்திருந்தால், நனைந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.
* விரல் மரத்தால் வண்டியை நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். இன்ஜினிலோ சைலன்சரிலோ வைக்கவே கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும்.
* மது குடித்தால் சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் தோலுக்குப் போகும் ரத்தம் கூடி, உடல் சூடு வெளியேறிவிடும்.

சர்க்கரை நோயால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அதிகாலைப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஒருவருக்கு நடுக்கம் அடங்காமல், பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் உடம்பின் உள் சூடே குறைகிறது என்று அர்த்தம். வீட்டுக்குள் அழைத்துப்போய், ஈர உடையைக் களைந்து, கம்பளி போர்த்தி, நினைவோடு இருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டேங்க் மேல் உட்காரும் குழந்தை

பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகும் குழந்தையை பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைப்பது பல வீடுகளில் வழக்கம். அப்போது அப்பா மீது மோத வேண்டிய காற்றைக் குழந்தைதான் வாங்குகிறது. அதனால் அப்பாவுக்குக் குளிர் குறைவாகத் தெரியும். குழந்தையின் குளிர் அவருக்குத் தெரியாது. சிறிய உடம்பு பெரியவர் உடம்பைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். கன்று ஈன்ற மாட்டுக்கொட்டகையில் காற்று வரும் பக்கம் சாக்குக் கட்டி மறைக்கிறோம். குழந்தையையோ காற்றுக்கு எதிரே உட்கார வைக்கிறோம்.

குழந்தையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்தால் காற்று படாது என்று தோன்றலாம். ஆனால், ஒரு பைக்கில் மூன்று பேர் போவதும் ஆபத்து. பின்னால் அமரும் குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையால் ஓட்டுபவரோடு இணைக்க வேண்டும். அளவான ஹெல்மெட்டும் போட வேண்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் வேகம் 40 கி.மீ-யைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதியும் சொல்கிறது. பனி கடுமையாக இருக்கும் நாளில் வெயில் வந்த பிறகு கிளம்பலாம். இல்லையென்றால் பஸ்ஸில் அனுப்பலாம். வண்டியை விட்டு இறங்கியதும் குழந்தையின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். அவை சில்லிட்டிருந்தால், நாளைக்கு இன்னொரு உடுப்பும் கையுறையும் வேண்டும்.