துப்பாக்கி சுடுதலும் துணுக்குறாமையும்

வில்லாயினும் துப்பாக்கியாயினும், குறி தவறாது எய்தற்குக் கண்ணும் கையும் மனமும் ஒருமைப்படல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. துரோணர் வைத்த பரீட்சையில் பறவையின் தலையன்றி வேறொன்றையும் காணாத அருச்சுனனை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். எனினும், றைபிள் பயில்வோனுக்கு அருச்சுனன் அறியாத இடரொன்று உண்டு. வில் வெடிப்பதில்லை, எய்தவனின் தோளை இடிப்பதுமில்லை. துப்பாக்கியோ இரண்டையும் செய்யும். அவற்றுக்கு அஞ்சிச் சுடும் கணத்தில் கண் மூடித் தோள் குலுங்குவதையே ஈண்டுத் துணுக்குறல் என்கிறோம்.

துப்பாக்கிப் பயிற்சி நம் மலைநாட்டுக்குப் புதிதன்று. கொழும்பிலிருந்து பிலிமத்தலாவை வழியாகச் செல்லும் பெருவழி அடையும் கண்டி நகரே, 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படையின் இருப்பிடமாயிருந்தது. ஐரோப்பியத் துரைமார் மட்டுமே சேர்ந்த அத்தொண்டர் படையின் ஒரு பிரிவு 1915இல் கலிப்போலிப் போர்முனையிலும் பணியாற்றியது. படை 1949இல் கலைக்கப்பட்டது. அக்காலத்துப் பிரித்தானியப் படைகளின் பொதுக் கருவி .303 லீ என்பீல்ட் றைபிள். தோட்டத்தில் ஆணை செலுத்திய துரையாயினும் அதன் பின்னுதைப்பைத் தோளில் ஏற்றேயாகல் வேண்டும். நரம்பு பதவி அறியாது.

இனி, துணுக்குறல் எவ்வாறு குறியைக் கெடுக்கின்றது என ஆராய்வோம். வெடியோசை கேட்டபின் உடல் நடுங்குவதால் குண்டு விலகுகின்றது என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. தோட்டா பற்றியபின் குண்டு குழலைவிட்டு நீங்க, ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரமும் ஆவதில்லை. ஓசை கேட்டு இமை மூடுவதற்கோ ஆயிரத்தில் சுமார் முப்பது பங்கேனும் வேண்டும். ஆகவே, ஓசைக்குப் பின் எழும் நடுக்கம் குண்டைத் தீண்டமாட்டாது. குறியைக் கெடுப்பது வெடியன்று. வெடி வரப்போகின்றது என்னும் எதிர்பார்ப்பே. விசையை இழுக்கும் போதே தோள் முன்தள்ளுகின்றது, குழல்முனை தாழ்கின்றது. ஏறக்குறைய 1 மீற்றர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை 1 மில்லிமீற்றர் தாழினும், 100 மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கில் குண்டு 10 சென்ரிமீற்றர் விலகும்.

இதனை அறியாமையால் விளையும் தீங்கு பெரிது. மாணவன் தன் கண்ணைக் குறைகூறிக் குறிமுள்ளைத் திருத்துவான். அல்லது தன்னைக் கோழையென்று கருதிப் பயிற்சியையே கைவிடுவான். 'அஞ்சாதே' என்று அதட்டும் ஆசிரியரோ அவ்வெதிர்பார்ப்பை மேலும் வளர்க்கின்றார். துணுக்குறல் கோழைமையன்று, உடல் கற்றுக்கொண்ட பழக்கம். கற்றதை மாற்றிக் கற்பித்தலும் கூடும்.

நோயைக் கண்டறிதற்கு எளிய வழியொன்று உண்டு. சுடுவோன் அறியாவண்ணம் மற்றொருவர் துப்பாக்கியில் ஒருமுறை உண்மைத் தோட்டாவையும் மற்றொருமுறை வெறுந் தோட்டாவையும் இட்டுக் கொடுத்தல் வேண்டும். வெறுந் தோட்டா வெடியாதபோது குழல்முனை துள்ளுமாயின், பின்னுதைப்பின்மேல் பழிபோட இடமில்லை. சுட்டவனே தன் குறையைக் கண்ணாரக் காண்பான்.

மருந்தும் கடினமன்று. காதுக்குத் தகுந்த காப்பிடுதல் முதலாவது. றைபிளின் வெடியோசை செவிக்கு நிலையான ஊறு விளைக்கவல்லது. பிடங்கைத் தோட்குழியில் இறுகப் பொருத்துதல் அடுத்தது. இடைவெளி விட்டால் உதை இடியாகும். தோட்டாவில்லை என்று இருமுறை சோதித்தபின், பாதுகாப்பான திசை நோக்கி, வெறுந் துப்பாக்கியின் விசையைப் பன்முறை அழுத்திப் பழகுதல் வேண்டும். பின்னர் உதை குறைந்த .22 றைபிளிற் பயின்று, படிப்படியாகப் பெரியதற்குச் செல்லலாம். விசையைச் சடுதியில் இழுக்காது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெல்ல அழுத்துக. எக்கணத்தில் வெடிக்குமெனத் துல்லியமாக அறியாத உடல், முன்கூட்டித் துணுக்குற வகையில்லை. வெடித்த பின்னும் கண் குறிமுள்ளை விட்டு அகலலாகாது.

களைப்புற்றபின் சுடும் நூறு குண்டுகள் பழைய பழக்கத்தையே உறுதிப்படுத்தும். அமைதியோடு சுடும் பத்துக் குண்டுகளே அதனை மாற்றும். ஆதலின், குழல்முனை துள்ளத் தொடங்கிய அன்று பயிற்சியை அவ்வளவில் நிறுத்தி, மறுநாள் வெறுந் துப்பாக்கியிலிருந்து மீளத் தொடங்குவதே நன்று.