கிருமி செத்தது, சாபம் சாகவில்லை

தொழுநோய்க்கு மருந்து இலவசம். ஓராண்டுக்குள் குணம். ஆனால் 'முன்வினை' என்ற நம்பிக்கைக்கு மட்டும் இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கப்படவில்லை.

மத்திய ரயில்வே தண்டவாளங்களுக்கு மேற்கே, தாராவியோடு ஒட்டிக் கிடக்கிறது மாட்டுங்கா லேபர் கேம்ப். மராத்தி தலித் எழுத்தாளர் பாபுராவ் பாகுல் வளர்ந்த இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு தேடி ரயிலேறி வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வசிக்கும் இடமும்கூட. ஊரில் குளத்துக்கும் கிணற்றுக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் இருந்த தடைகளிலிருந்து தப்பித்து வந்தவர்கள் பலர். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தாலும், யார் தொட்டால் என்ன தீட்டு என்று கேட்க ஆள் இல்லாதது இந்த நகரத்தின் பெரிய சலுகை.

தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் வடாலா. அங்கே இருக்கிறது மாநகராட்சியின் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை. 1890ல் தொடங்கப்பட்டபோது அதன் பெயரில் இருந்தது வடாலா அல்ல, மாட்டுங்கா: 'வீடற்ற தொழுநோயாளர் விடுதி, மாட்டுங்கா'. அன்றைய முனிசிபல் கமிஷனர் எச்.ஏ. அக்வொர்த், தெருவில் பிச்சையெடுத்துத் திரிந்த நோயாளிகளைச் சேர்த்து வைக்க ஏற்படுத்திய இடம் அது. கருணையும் உண்டு, பயமும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹவாய்த் தீவுகளில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்த பாதிரியார் டேமியன் அதே நோய்க்குப் பலியாகியிருந்தார். வெள்ளைக்காரர்களையும் இது விடாது என்ற கிலி லண்டன் வரை பரவியிருந்த நேரம்.

அந்தக் கிலியில் லண்டனில் நிதி திரட்டி இந்தியாவுக்கு ஒரு கமிஷனை அனுப்பினார்கள். 1890-91ல் நாடெங்கும் சுற்றிய அந்தக் கமிஷன் சொன்ன முடிவு ஆச்சரியமானது. இது பரம்பரை நோய் அல்ல. தொற்றுவதும் மிக மிகக் குறைவு. அறிவியல் அப்படிச் சொன்ன பிறகும் 1898ல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. ஏழை நோயாளியைப் பிடித்து விடுதியில் அடைக்கலாம். அரசு அறிவிக்கும் பகுதிகளில் அவர் உணவுப் பொருள் விற்கக் கூடாது, பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கக் கூடாது, வாடகை வண்டியில் ஏறக் கூடாது. சோறு, தண்ணீர், வண்டி. திருநெல்வேலிக் கிராமத்துச் சேரியில் பிறந்த எவருக்கும் இந்தப் பட்டியலை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜாதி செய்துவந்ததை நோயின் பெயரால் சர்க்கார் எழுத்தில் போட்டது, அவ்வளவுதான்.

சட்டத்துக்குப் பின்னால் இருந்தது சுகாதாரம் மட்டுமல்ல, ஒரு பழைய தீர்ப்பு. இந்த நோய் வந்தவன் ஏதோ செய்திருக்கிறான். முன்ஜென்மப் பாவம், நல்ல பாம்பை அடித்த தோஷம், பெண் பாவம், குலதெய்வக் குற்றம் என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணனின் மகன் சாம்பன் தந்தையின் சாபத்தால் இந்த நோய்க்கு ஆளாகி, சூரியனை வழிபட்டு மீண்டதாகப் புராணம். தஞ்சைப் பக்கத்துச் சூரியனார் கோயிலின் தல வரலாற்றிலும் காலவ முனிவருக்கு வரவிருந்தது இதே நோய்தான். பக்தர்கள் விட்டார்கள் என்றால் பகுத்தறிவாளர்களும் விடவில்லை. 1954ல் வெளிவந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதா மூடநம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். ஆனால் தாசி வீட்டுக்குப் போய்ச் சீரழிந்த கதாநாயகனுக்குக் கதை கொடுக்கும் தண்டனை? தொழுநோய். கடவுள் இல்லாத கதையிலும் கடவுள் கொடுக்கும் தண்டனை மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் குரலையும் கையையும் பார்த்துச் சிரித்து அழுத தமிழர்கள் லட்சக்கணக்கானவர்கள். நோயைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டு போனது என்னவாக இருந்திருக்கும்?

படம் வந்தபோதே விஷயம் மாறிவிட்டது என்பதுதான் வேடிக்கை. நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் 1873லேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940களின் நடுவிலேயே சல்போன் மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கிவிட்டார். அதாவது, 'ரத்தக் கண்ணீர்' திரைக்கு வந்தபோது திருமணியில் நோயாளிகள் குணமாகிக்கொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை நிபுணர் பால் பிராண்ட் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் உலகமே நம்பியிருந்தது. அவர் பார்த்தது வேறு. கிருமி நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போகிறது, வலி தெரியாத கை தன்னைத்தானே காயப்படுத்திக் கொள்கிறது. இரவில் தூங்கும் நோயாளிகளின் விரல் காலையில் காணாமல் போன மர்மத்துக்கு விடை எலி. கடிபடுபவருக்குத் தெரியவில்லை. நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்ததும் அது குறைந்தது. சாபம் என்று நினைத்ததை ஒரு பூனை தடுத்துவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பை லேபர் கேம்ப்புக்குக் கொண்டுவந்து பார்த்தால் அதன் கனம் புரியும். தாராவியின் தமிழ்ச் சந்துகளில் விடியுமுன் இட்லி வேகும். தலையில் பாத்திரத்தோடு மும்பை முழுக்கப் போய் விற்பவர்களுக்காகப் பெண்கள் ஆவி பறக்கும் கொப்பரையை இறக்குவார்கள். பக்கத்துச் சந்தில் தோல் பை தைப்பவரின் கையில் குத்தூசி. உணர்ச்சி மரத்த கைக்குக் கொப்பரையின் சூடும் தெரியாது, ஊசியின் குத்தும் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் சீழ்பிடித்து எலும்பு வரை போனபிறகுதான் தெரியும். அப்போது அக்கம்பக்கம் சொல்வது: "பார்த்தியா, விரல் போயிருச்சு. நான் அப்பவே சொன்னேனே."

தொடக்கம் ஒரு வெளிறிய தேமல்தான். அரிக்காது, வலிக்காது, தொட்டால் உணர்ச்சி இருக்காது. வலிக்காத நோய்க்கு எந்தத் தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விடுவார்? மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு, அல்லது ஊருக்குப் போகும்போது ஒரு நேர்த்திக்கடன். அது என்னவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் இன்னும் மோசம். முழுக்கைச் சட்டை, சேலைத் தலைப்பு என்று மறைப்பு தொடங்கும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் மறைப்பு இறுகும். பரம்பரை நோய் என்று ஊர் நம்பும்போது அப்பாவின் தேமல் மகளின் ஜாதகத்தையும் சேர்த்தே கெடுக்கும். இப்படி ஒரு வருடம், இரண்டு வருடம் கடத்தினால் முழங்கையிலும் முழங்காலிலும் ஓடும் நரம்புகள் வீங்கிச் செயலிழக்கும். விரல்கள் மடங்கும், பாதம் தொங்கும். சாபம் என்று பயந்து ஒளித்ததால் வந்த ஊனம், சாபத்துக்கே சாட்சியாக நிற்கும். இந்த நம்பிக்கைக்கு வெளியிலிருந்து ஆதாரம் வேண்டியதில்லை. அதையும் தானே தயாரித்துக் கொள்கிறது.

மருத்துவ உண்மை இதற்கு நேர்மாறு. 100க்கு 95 பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கி வாழ்ந்தால்தான் மூச்சுவழி பரவும் வாய்ப்பு. கை குலுக்கினாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ வருவதில்லை. 1981ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. டேப்ஸோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின். ஆரம்ப நிலைக்கு 6 மாதம், முற்றிய நிலைக்கு 12 மாதம். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். 1995 முதல் உலகெங்கும் மருந்து இலவசம்.

நோயாளியை மதிலுக்குள் கொண்டுபோவதற்குப் பதில் மருந்தைச் சந்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று முனைந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஆர். கணபதி. 1976ல் அவர் தொடங்கிய பாம்பே லெப்ரஸி புராஜெக்ட், சயானை ஒட்டிய சுனாபட்டியிலிருந்து தாராவிக் குடிசைகளுக்குள் போயிற்று. மாடிக்கு மாடி கட்டிய, பகலிலும் பல்பு எரியும் அறைகளில் வெளிறிய தேமல் கண்ணுக்குப் படாது; அதற்குச் சூரிய வெளிச்சம் வேண்டும். வெளியே வந்து முதுகைக் காட்டு என்றால் சந்தே வேடிக்கை பார்க்கும். ஊர்க் கொடைக்கு இரண்டு மாதம் திருநெல்வேலி போகும் குடும்பத்துக்கு மாத்திரை அட்டையை யார் கொடுப்பது? மருந்தே சில சமயம் காட்டிக் கொடுக்கும். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்கும். ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்துவார்கள். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். மருந்து முடிந்து சில மாதங்களில் அது மறைந்துவிடும் என்றாலும், கறுப்பு என்றாலே முகம் சுளிக்கும் சமூகத்தில் அந்தச் சில மாதங்கள் சின்ன விஷயமல்ல.

மக்களைக் குறை சொல்வது சுலபம். சட்டப் புத்தகம் என்ன செய்தது? மருந்து வந்து பத்தாண்டு கழித்து இயற்றப்பட்ட 1955ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், 'குணப்படுத்த முடியாத' தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்றது. பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1959ல் வந்தபோது, நோயுள்ள பிச்சைக்காரரை விடுதிக்கு அனுப்பத் தனிப் பிரிவே அதில் இருந்தது. ஒரிசாவில் நோயைக் காரணம் காட்டி நகராட்சிப் பதவி பறிக்கப்பட்ட வழக்கில், சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2008ல் சொன்னது. 2015ல் சட்டக் கமிஷன் தன் 256வது அறிக்கையில் இத்தகைய சட்டங்களை மாற்றச் சொன்னது. 1898ம் ஆண்டுச் சட்டம் 2016ல்தான் ரத்தானது. விவாகரத்துக் காரணங்களிலிருந்து தொழுநோய் நீக்கப்பட்டது 2019ல். காந்தி, சேவாகிராமத்தில் சமஸ்கிருத அறிஞர் பர்சுரே சாஸ்திரியின் புண்ணைத் தன் கையால் கழுவிய படம் பாடப் புத்தகங்களில் உண்டு. அவர் நினைவு நாளான ஜனவரி 30தான் தொழுநோய் எதிர்ப்பு தினம். சட்டத்துக்கு மட்டும் அந்தப் படம் கண்ணில் பட 70 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 2005 இறுதியில் இந்தியா தொழுநோயை 'ஒழித்துவிட்டதாக' அறிவித்தது. அதன் பொருள் 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்பதுதான். ஆனால் காதில் விழுந்தது 'ஒழிந்தது' என்ற சொல். இளம் டாக்டர்கள் தேமலை ஊசியால் தொட்டுப் பார்க்க மறந்தார்கள். 2023ல் உலகம் முழுக்கப் பதிவான புதிய நோயாளிகள் சுமார் 1.8 லட்சம், அதில் ஒரு லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். இல்லாத நோய்க்கு இத்தனை பேரா?

லேபர் கேம்ப்வாசிகளுக்கு ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் தாராவியில் கொரோனா தலைகாட்டியபோது, அந்த முகவரிக்காகவே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் உண்டு. நோய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பின்கோடு போதுமாக இருந்தது.

இப்போது கையில் இருக்கும் புதிய ஆயுதம், நோயாளியோடு பழகியவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின். நோய் வரும் வாய்ப்பை அது பாதிக்கும் மேலாகக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டின. 2018ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மருந்து இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுத்தால் "எதுக்குங்க இது, யாருக்கு வந்திருக்கு?" என்ற கேள்வி வரும். இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர் இருக்கும் சந்தில் அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் பதில்தான். அதனால் நோயாளியின் சம்மதம் இல்லாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை என்பது விதி. பலர் தன் வீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். பெயரைக் காப்பாற்ற ஒரு வழி, யாரையும் குறிப்பிடாமல் சந்து முழுவதற்கும் மாத்திரை கொடுப்பது. அதற்குச் செலவு பல மடங்கு.