சாலைக் கடைத்தெருவும் கல்ஃப் பணமும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கமாக நடந்தால் சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய சந்தை. வியாபாரிகளிலும் சுமை தூக்குபவர்களிலும் தமிழர்கள் ஏராளம். ஆ. மாதவன் இங்கே கடை நடத்திக்கொண்டே இந்தத் தெருவின் மனிதர்களைத் தமிழில் கதைகளாக எழுதினார். கல்ஃப் பணம் ஒரு சமூகத்தை எப்படி மாற்றியது என்று புரிந்துகொள்ள, இங்கே வந்து இறங்கும் சரக்கைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும்.

1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர் மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களிலேயே 12 டாலரை நெருங்கியது. அந்த விலையேற்றத்தில் வந்த பணத்தில் வளைகுடா நாடுகள் சாலையும் துறைமுகமும் கட்டடமும் எழுப்பத் தொடங்கின. அதற்கு ஆள் வேண்டியிருந்தது. கேரளத்தில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் அதிகம். போனார்கள்.

விளைவு விநோதமானது. எழுபதுகளிலும் எண்பதுகளின் பெரும்பகுதியிலும் கேரளத்தின் உற்பத்தி மந்தமாகவே கிடந்தது. ஆனால் 1978-79 முதல் தலைக்கு ஆகும் நுகர்வுச் செலவு இந்தியச் சராசரியைத் தாண்டிவிட்டது. சம்பாதிப்பது ஓரிடம், செலவழிப்பது வேறிடம் என்றானபின் உற்பத்தி வளராமலே கடைத்தெரு வளரும்.

கல்ஃபிலிருந்து வந்த பணம் முதலில் கடனை அடைத்தது. பிறகு வீடு, தங்கை கல்யாணத்துக்கு நகை, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். இதை ஊதாரித்தனம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓலைக்கூரையை மாற்றி, கழிப்பறை கட்டி, கிணற்றுக்கு மோட்டார் வைத்த குடும்பம் எதையும் வீணாக்கிவிடவில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. ஊரெங்கும் வீடு எழும்பியதால் மனை விலை ஏறியது. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கூலி ஏறியது. வயலில் இறங்குபவரும் அதே கூலியைக் கேட்டார், கேட்பது நியாயம்தான். ஆனால் ஆந்திராவிலிருந்து அரிசி வந்து இறங்கும்போது உள்ளூர் விவசாயி நெல் விலையை அதற்கேற்ப ஏற்ற முடியாது. 1974-75-இல் கேரளத்தில் 8.82 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று அது சுமார் 2 லட்சம். ரப்பருக்குக் கிடைத்த விலையும், துண்டுதுண்டான நிலமும்கூட இதற்குக் காரணங்கள். கல்ஃப் பணத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது. நெதர்லாந்தில் 1959-இல் இயற்கை எரிவாயு கிடைத்தபின் மற்ற தொழில்கள் நலிந்ததை வைத்து, 'தி எகனாமிஸ்ட்' இதழ் இப்படிப்பட்ட நிலைக்கு 'டச்சு நோய்' என்று பெயரிட்டது. கேரளம் ஏற்றுமதி செய்தது எரிவாயுவை அல்ல, ஆட்களின் உழைப்பை. கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கும் நடந்தது.

காய்கறிக்கும் பூவுக்கும் இதே நிலைமை. தமிழ்நாட்டு லாரிகள் வராவிட்டால் சாலைக் கடைத்தெருவில் காய்கறிக் கடைகள் காலியாகிவிடும். ஓணத்துக்கு அத்தம் நாள் பிறந்தால் போதும், தோவாளைச் சந்தையிலிருந்து செவ்வந்தியும் வாடாமல்லியும் மூட்டைமூட்டையாக வரும். அத்தப்பூக்களம் கேரளத்து முற்றத்தில், பூ விளைவது குமரி, நெல்லைத் தோட்டங்களில். கல்ஃபில் ஈட்டிய காசில் ஒரு பங்கு இப்படித்தான் களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டு விவசாயி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆட்களும் இப்படியே வந்தார்கள். கட்டட வேலைக்கு முதலில் தமிழர்கள். பிறகு வங்காளம், அசாம், ஒடிசா, பீகார்க்காரர்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்று திருவனந்தபுரத்தின் குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டது. அதே காலத்தில் கேரளத்திலிருந்து வெளிநாடு போயிருந்தவர்கள் சுமார் 24 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் நடந்ததைக் கணக்கில் எழுதுவது கடினம். கணவன் அங்கே, மனைவி இங்கே. வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் போவது, வீடு கட்டுபவரிடம் கணக்குக் கேட்பது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. ஆய்வாளர் லீலா குலாட்டி 1993-இல் வெளியிட்ட நூல் அந்தப் பெண்களைப் பற்றியதுதான். துணிவும் வந்தது, தனிமையும் வந்தது. மறுபக்கம், 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. வேறு பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் மட்டும்.

2023-இன் கேரளக் குடிபெயர்வு ஆய்வு, ஆண்டுக்கு 2,16,893 கோடி ரூபாய் வெளிநாட்டிலிருந்து வருவதாகச் சொல்கிறது. அதே ஆய்வில்தான் படிக்கப் போன மாணவர்களின் எண்ணிக்கையும் இருக்கிறது: 2018-இல் 1.29 லட்சம், 2023-இல் ஏறக்குறைய 2.5 லட்சம். அவர்களில் பலரும் கடன் வாங்கி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் போகிறவர்கள். முந்தைய தலைமுறை அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடுகளின் பத்திரமும் அதில் இருக்கும். போன பிள்ளைகள் திரும்பி வருவார்களா, அங்கேயே தங்கிவிடுவார்களா என்பதைப் பொறுத்துத்தான் சாலைக் கடைக்காரரின் அடுத்த இருபது வருட வியாபாரம் இருக்கிறது.